போத்தலோடு வந்த ஓட்ட வீராங்கனை: புரோபயோட்டிக்கும் போட்டிப் பதற்றமும் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்தைச் சேர்ந்த 19 வயது வீராங்கனை. 1500 மீற்றரும் 5000 மீற்றரும் ஓடுகிறவர். பாடசாலைக் காலத்திலேயே மாகாண மட்டத்தில் பதக்கம் எடுத்தவர். உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகு பயிற்சிக்காக வாவியின் இந்தக் கரைக்கு வந்து கல்லடியில் பெரியம்மா வீட்டில் தங்கியிருக்கிறார். அவருடைய சம்மதத்தோடும் தாயின் சம்மதத்தோடும் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் என்னிடம் நோய் என்று சொல்லி வரவில்லை. கையில் ஒரு புரோபயோட்டிக் குளிசைப் போத்தல் இருந்தது, உடம்புக்கு நன்மை தரும் என்று விற்கப்படும் உயிருள்ள பக்டீரியா அடங்கியது. கட்டாரில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பியது. "டொக்டர், இதக் காலையில குடிக்கிறதா, இரவுல குடிக்கிறதா? இது குடிச்சா போட்டிக்கு முன்னால பயம் வராது எண்டு சொன்னாங்க" என்று கேட்டார். பயிற்றுநரும் கூட வந்திருந்தார். "புள்ள நல்லா ஓடுவா டொக்டர். போட்டியண்டுதான் வயிறு கலங்கி, கை நடுங்கி, ஆளே மாறிப் போறா" என்றார். மாகாணப் போட்டிக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது.

இப்படிப் போத்தலோடு வருகிற இளம் வீரர்கள் இப்போது கூடிவிட்டார்கள். மெய்வல்லுநர், கபடி, பளுதூக்கல் என்று எல்லாப் பக்கமும் பார்க்கிறேன். "காலையில், சாப்பாட்டோடு" என்று பதில் சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் ஒரு பிள்ளை தன் பயத்தைப் பற்றி வாய் திறந்து சொல்லக் கிடைத்த ஒரே வழி அந்தப் போத்தலாக இருக்கலாம். குளிசை பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி முடித்தால் மற்றதெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். இந்த நிகழ்வை விரிவாக எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

முறைப்பாடும் வரலாறும்

முதலில் பயிற்றுநரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசினேன். அவர் அக்கறையுள்ள மனிதர். ஆனால் 19 வயதுப் பெண் பிள்ளை ஆண் ஒருவர் முன்னால் வயிற்றோட்டம் பற்றியோ மாதவிடாய் பற்றியோ சொல்லமாட்டார்.

ஏழெட்டு மாதமாகவே வேகப் பயிற்சி நாட்களிலும் போட்டி நாட்களிலும் அடிவயிறு முறுக்கி, ஓட்டத்துக்கு முன் மூன்று நான்கு தடவை மலம் போக வேண்டியிருந்தது. ஒரு போட்டியில் 5000 மீற்றரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார், கழிப்பறைக்கு. அன்றிலிருந்து பயம் கூடிவிட்டது. இரவு தூக்கம் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் இல்லை. படுத்தால் தொடக்கக் கோட்டில் நிற்பது போலவே நெஞ்சு அடிக்கிறது. "ஓடத்தான் விருப்பம். ஆனா ஓடவே வேணாம் போலயும் இருக்கு" என்றார்.

போத்தலைத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. பயம் குறையவில்லை. வயிறு முன்பைவிட ஊதிப்போய், காற்று அதிகமாகப் போவதாகச் சொன்னார். "மருந்து வேலை செய்யத் தொடங்கினா அப்பிடித்தான் இருக்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டதில்தான் விஷயம் விரியத் தொடங்கியது. காலைப் பயிற்சிக்கு முன் ஒரு பிளேன்டி, வேறொன்றும் இல்லை. வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் கலங்க ஒன்றும் இருக்காது என்பது அவருடைய கணக்கு. பத்து மணிக்குக் கொஞ்சம் பிட்டு, மதியம் சோறு, இரவில் இரண்டு துண்டு பாண். வாரத்துக்கு 70 கிலோமீற்றர் ஓடுகிற உடம்புக்கு இது எந்த மூலைக்கு? வீட்டில் எருமை நிற்கிறது, தாய் சட்டியில் தயிர் போட்டு விற்கிறார். மகள் ஒரு வருஷமாகத் தயிரைத் தொடவில்லை. பால் சாமான் சாப்பிட்டால் உடம்பு பாரமாகும், ஓட்டம் குறையும் என்று கூட ஓடுகிற ஒருவர் சொன்னாராம்.

முன்னங்கால் எலும்பில் நோவு இருந்தது. அதற்காக டைக்ளோபெனக் குளிசையை மருந்துச் சீட்டில்லாமல் வாங்கி, கடினமான பயிற்சி நாட்களில் வெறும் வயிற்றில் குடித்து வந்திருக்கிறார். இதை அவர் மருந்தாகவே கணக்கெடுக்கவில்லை. "வேற மருந்து ஏதும் குடிக்கிறீங்களா தங்கச்சி?" என்று கேட்டபோது இல்லை என்றவர், "கால் நோவுக்கு?" என்று கேட்டதும் உடனே சொன்னார். கடைசியாக மாதவிடாய் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதை யாருக்கும் சொல்லவில்லை. நிறைய ஓடுகிற பெண்களுக்கு அது நிற்பது வழமை என்றே நினைத்திருந்தார்.

அப்புறம் பயணம். பெரிய போட்டிகளுக்கு மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். பஸ் எங்கே நிற்கும், நிற்கிற இடத்தில் கழிப்பறை இருக்குமா, இருந்தால் கதவு பூட்டுமா என்பது பெண் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே முதல் நாள் மத்தியானத்திலிருந்தே சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்திவிடுவார். விடியற்காலை போய் இறங்கும்போது உடம்பில் நீரும் இல்லை, சக்தியும் இல்லை, தூக்கமும் இல்லை. அந்த நிலையில் வெயிலில் ஓடப் போகிறார். பல வருஷமாக வீராங்கனைகளைப் பார்த்துவருகிறேன். இந்தப் பஸ் கதையைக் கேட்காமல் எடுத்த எந்த வரலாறும் முழுமையானதல்ல என்றே சொல்வேன்.

பரிசோதனை

உயரம் 161 சென்ரிமீற்றர், எடை 46 கிலோ. முந்தைய வருஷம் 50 கிலோவாக இருந்தவர். வயிற்றில் கட்டியோ குறிப்பிட்ட இடத்து நோவோ இல்லை. மலத்தில் இரத்தம் போனதில்லை, ஒட்டுண்ணி இல்லை. தைரொயிட் சரியாக இருந்தது, கர்ப்பப் பரிசோதனை எதிர்மறை. ஹீமோகுளோபின் 11.4, பெரிட்டின் 12. அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு அநேகமாக வற்றிப்போயிருக்கிறது. நம் பகுதியில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவி நிலையையும் நினைவில் வைக்க வேண்டும் என்பதால் அதையும் பார்த்தோம், இல்லை. முன்னங்கால் எம்ஆர்ஐயில் முறிவுக் கோடு தெரியவில்லை. ஆனால் எலும்பு அழுத்தத்துக்கு உள்ளாகியிருப்பதற்கான வீக்கம் தெரிந்தது.

மனநிலைக்கு மூன்று வினாத்தாள். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் வீரர் மனநல மதிப்பீட்டுக் கருவியில் முதல் படியாக வரும் பத்துக் கேள்வி உளஅழுத்த வினாத்தாளில் 50க்கு 27 வந்தது. 17 அல்லது அதற்கு மேல் வந்தாலே அடுத்த படிக்குப் போக வேண்டும். பதற்றத்துக்கான ஜிஏடி-7இல் 21க்கு 13. மனச்சோர்வுக்கான பிஎச்கியூ-9இல் 27க்கு 9. தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றி நேரடியாகவும் கேட்டேன், இல்லை என்றார். அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று சில பயிற்றுநர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை, கேட்க வேண்டும்.

உண்ணும் சக்தியிலிருந்து பயிற்சிக்குச் செலவாகும் சக்தியைக் கழித்து, மிஞ்சுவதைக் கொழுப்பு நீங்கிய உடல் எடையால் வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு சுமார் 26 கிலோகலோரிதான் வந்தது. 30க்குக் கீழே போனால் உடம்பு செலவைச் சுருக்கத் தொடங்கும் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் எல்லை. ஆளுக்கு ஆள் அது மாறலாம். மாதவிடாய் நின்றது, எலும்பு நோவு, இரும்புக் குறைவு, தூக்கக் கேடு, மனக் குழப்பம் எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டின. விளையாட்டில் சக்திக் குறைபாட்டு நிலை என்று இதைச் சொல்கிறோம். ஒலிம்பிக் குழு 2014இல் இதற்குத் தனிப்பெயர் கொடுத்து, 2023இல் விளக்கத்தைப் புதுப்பித்தது. அந்தப் புதிய விளக்கத்தில் மனநலம் இந்தக் குறைபாட்டின் விளைவாகவும் காரணமாகவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பயந்த பிள்ளை சாப்பிடாது, சாப்பிடாத பிள்ளைக்குப் பயம் கூடும்.

போத்தலில் என்ன இருந்தது

பத்து வகை பக்டீரியா, ஒரு குளிசைக்கு 5000 கோடி உயிர்க் கலங்கள் என்று எழுதியிருந்தது. கூடவே "மனநிலைக்கும் குடலுக்கும்" என்ற வாசகம். ஒவ்வொரு பக்டீரியாவுக்கும் இனப் பெயர் மட்டும் போட்டிருந்தார்கள். எந்த வகைக்கூறு, அதாவது அந்த இனத்துக்குள் எந்த உட்பிரிவு, என்ற குறியீடு ஒன்றுக்கும் இல்லை. இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. புரோபயோட்டிக் ஆய்வு எல்லாமே குறிப்பிட்ட வகைக்கூறைக் குறிப்பிட்ட அளவில் கொடுத்துச் செய்யப்படுவது. ஒரே இனத்தில் ஒரு கூறு வேலை செய்ததென்றால் அதன் உடன்பிறப்பும் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து, கீழே சின்ன எழுத்தில் பிரக்டோ ஒலிகோ சக்கரைட் என்று இருந்தது. பக்டீரியாவுக்கு உணவாகச் சேர்ப்பது. பெருங்குடலில் புளித்துக் காற்றை உண்டாக்கும் வகை மாச்சத்து இது. ஏற்கனவே உணர்ச்சி கூடிய குடலுக்கு இதைக் கொடுத்தால் ஊதத்தான் செய்யும். அவருடைய வயிற்று ஊதலை "மருந்து வேலை செய்யும் அடையாளம்" என்று சொன்னவர் இதைப் படித்திருக்கமாட்டார்.

மூன்றாவது, 25 பாகைக்குக் கீழே வைக்கவும் என்ற குறிப்பு. போத்தல் இருந்ததோ தகரக் கூரை அறையின் யன்னல் ஓரத்தில். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த அறை எப்படிக் கொதிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உயிருள்ள நுண்ணுயிரைப் போதிய அளவில் கொடுத்தால்தான் அது புரோபயோட்டிக். 2001இல் உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து வகுத்த வரைவிலக்கணமும் அதையே சொல்கிறது. வெயிலில் கிடந்த போத்தலில் எவ்வளவு உயிரோடு இருந்தது என்று எந்த லேபலும் சொல்லாது.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன

குடலுக்கும் மூளைக்கும் பேச்சு இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. அலையும் நரம்பு என்று சொல்லப்படும் வேகஸ் நரம்பு, நோயெதிர்ப்புச் சமிக்ஞைகள், குடல் பக்டீரியா உண்டாக்கும் குறுங்கொழுப்பமிலங்கள், மன அழுத்த ஹோர்மோன்கள் எல்லாம் இரண்டு பக்கமும் செய்தி கொண்டு போகின்றன. உடலின் செரட்டோனினில் 90 வீதத்துக்கு மேல் குடலில்தான் உருவாகிறது. இந்த வசனத்தை விளம்பரங்கள் நிறையப் பாவிக்கின்றன. குடல் செரட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது என்ற அடுத்த வசனத்தை அவை எழுதுவதில்லை.

2004இல் யப்பானில், நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளை அடக்கிப் பிடித்து அழுத்தத்துக்கு உள்ளாக்கியபோது அவற்றின் அழுத்த ஹோர்மோன் அளவுக்கு மீறி ஏறியது. ஒரு குறிப்பிட்ட பிஃபிடோ பக்டீரியாவைக் கொடுத்ததும் அது தணிந்தது. 2011இல் லக்டோபசிலஸ் றம்னோசஸ் ஜேபி-1 என்ற கூறு எலிகளின் பதற்ற நடத்தையைக் குறைத்தது. வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் அந்தப் பலன் இல்லை. மிக அழகான ஆய்வு அது. ஆனால் அதே ஜேபி-1ஐ 29 ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். மனநிலையிலோ அழுத்த ஹோர்மோனிலோ மருந்தில்லாத வெற்றுக் குளிசையைவிட மேலான மாற்றம் ஒன்றும் இல்லை.

மனிதர்களில் செய்த வேறு ஆய்வுகளும் இப்படியே ஒன்றுக்கொன்று இழுபடுகின்றன. லக்டோபசிலஸ் ஹெல்வெட்டிகஸ் ஆர்0052, பிஃபிடோபக்டீரியம் லோங்கம் ஆர்0175 என்ற இரண்டையும் சேர்த்து பிரான்சில் 30 நாள் கொடுத்தபோது ஆரோக்கியமானவர்களின் மனஉளைச்சல் மதிப்பெண் குறைந்தது (2011). அதே சோடியை நியூசிலாந்தில் மனச்சோர்வு அறிகுறி உள்ள 79 பேருக்கு எட்டு வாரம் கொடுத்தபோது பலன் தெரியவில்லை (2017). ஈரானில் மனச்சோர்வு நோய்க்கு ஏற்கனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தபோது மனச்சோர்வு குறைந்தது (2019). கூட்டிப் பார்த்தால், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கும்போது சின்ன நன்மை இருக்கலாம் என்ற பக்கம் தராசு சாய்கிறது. தனியாகக் கொடுத்தால் போதும் என்பதற்கு அது ஆதாரமாகாது.

விளையாட்டு வீரர்களில் என்று வந்தால் ஆய்வுகள் இன்னும் சிறியவை. யப்பானில் பல்கலைக்கழக நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு லக்டோபசிலஸ் கசேரி சிபி2305 உள்ள பானத்தை 12 வாரம் கொடுத்தபோது களைப்பு மீள்தலிலும் பதற்றத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. மலேசியாவில் 30 பல்கலைக்கழக பட்மின்டன் வீரர்களுக்கு லக்டோபசிலஸ் கசெய் ஷிரோட்டாவை ஆறு வாரம் கொடுத்து 2021இல் வெளியிட்ட ஆய்வில் பதற்றம் 16 வீதமும் மன அழுத்தம் 20 வீதமும் குறைந்தன. வேகம், கால் வலு, சுறுசுறுப்பு மாறவில்லை. நம்பிக்கை தருகிற முடிவுகள்தான். ஆனால் 30 பேர், ஆறு வாரம் என்ற அளவில் பெரிய முடிவெடுக்க முடியாது. போட்டி நெருங்குகிறதா விலகுகிறதா என்பதே அந்த ஆறு வாரத்தில் ஒருவரின் பதற்றத்தைத் தலைகீழாக மாற்றிவிடும்.

குடல் பக்கத்தில் ஆதாரம் கொஞ்சம் உறுதியானது. 2019இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 24 மரதன் ஓட்டக்காரர்கள் 28 நாள் புரோபயோட்டிக் எடுத்தார்கள் அல்லது வெற்றுக் குளிசை எடுத்தார்கள். ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் வயிற்றுக் கோளாறு புரோபயோட்டிக் எடுத்தவர்களில் குறைவு. ஓடிய நேரத்தில் வித்தியாசமில்லை. தடிமன், தொண்டை நோவு போன்ற மேல் சுவாசத் தொற்றைக் குறைப்பதில் மிதமான ஆதாரம் இருப்பதாக ஒலிம்பிக் குழுவின் 2018 அறிக்கை சொல்கிறது. எனவே ஒரு வீரர் வெளியூர்ப் போட்டிக் காலத்தில் வயிற்றுக்காகவோ தடிமனுக்காகவோ வகைக்கூறு தெரிந்த ஒன்றைப் பாவித்தால் நான் தடுப்பதில்லை. போட்டிப் பயத்துக்கு மருந்தாக அதை எழுதிக்கொடுக்க இன்றைய ஆதாரம் போதாது.

என்ன செய்தோம்

முதல் நாளே போத்தலையும் டைக்ளோபெனக்கையும் நிறுத்தினோம். கடும் ஓட்டத்தின்போது இரத்தம் தசைக்கும் தோலுக்கும் போய்விடுவதால் குடலுக்குப் போகும் இரத்தம் வெகுவாகக் குறைகிறது. வெயில் அதை இன்னும் மோசமாக்கும். இரத்தம் குறைந்த குடலுக்கு மேல் அந்த வகை வலி மருந்தையும் போட்டால் குடல் சுவர் இன்னும் கசிகிறது. நெடுந்தூர வீரர்களில் 30 முதல் 50 வீதமானோருக்கு வயிற்றுத் தொந்தரவு வருவதாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே வயிறு கலங்குவது அவருடைய மனப் பலவீனத்தின் அடையாளம் அல்ல என்பதை விளக்கமாகச் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் முதல் தடவையாக அழுதார்.

மாகாணப் போட்டியை விட்டுவிட வேண்டும் என்று சொன்னது எல்லாருக்கும் கசப்பாக இருந்தது. எலும்பு இருந்த நிலையில் வேறு வழியில்லை. நான்கு வாரம் ஓட்டமில்லாமல் சைக்கிள், அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம் என்று பயிற்றுநர் திட்டத்தை மாற்றினார்.

சாப்பாட்டில் ஒரு நாளைக்கு சுமார் 500 கிலோகலோரி கூட்டுவது இலக்கு. காலைப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன் ஒரு வாழைப்பழம், முதலில் பாதி, பழகியதும் முழுதாக. குடலையும் பயிற்றுவிக்கலாம், ஓடும்போது உணவைத் தாங்க அது வாரக்கணக்கில் பழகிக்கொள்ளும். பயிற்சி முடிந்து வந்ததும் பழஞ்சோறும் தயிரும், அல்லது பிட்டும் தயிரும் பழமும். தாய் ஒவ்வொரு வாரமும் படுவான்கரையிலிருந்து ஒரு சட்டி தயிர் அனுப்பத் தொடங்கினார். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்முடைய எருமைத் தயிரில் உயிருள்ள லக்டிக் அமில பக்டீரியா இருக்கிறது என்பதற்காக அது மனநிலைக்கான மருந்தாகிவிடாது. அப்படி எவரும் சோதித்துக் காட்டியதில்லை. நான் அதைக் கேட்டது புரதத்துக்கும் கல்சியத்துக்கும் கொழுப்புக்கும்தான். எருமைப் பாலில் பசுப்பாலைவிடக் கொழுப்பு நல்லாகவே கூட. எடை குறைந்து போன பிள்ளைக்கு அது நன்மை.

இரும்புக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தோம். அப்படிக் கொடுத்தால் உறிஞ்சுதல் கூடும், வயிற்றுக்கும் இதம். சோற்றோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை மட்டும் ஒரு மணித்தியாலம் தள்ளிவைக்கச் சொன்னேன்.

மனநலப் பிரிவின் உளவளத்துணையாளர் ஒருவர் வாரம் ஒரு தடவை சந்தித்தார். பயப்படும் நிலைமையைச் சிறு சிறு அளவில் பழகுவது, கழிப்பறை தேடித் திரும்பத் திரும்பப் போவதைக் குறைப்பது, மூச்சுப் பயிற்சி, தூக்க நேரத்தை ஒழுங்குபடுத்துவது என்று வேலை நடந்தது. மூன்றாவது சந்திப்பில்தான் அடிக்காரணம் வெளியே வந்தது. இந்த வருஷம் ஓட்டத்தில் ஒன்றும் சரிவராவிட்டால் கலியாணம் பேசுவது என்று வீட்டில் முடிவெடுத்திருந்தார்கள். ஒவ்வொரு போட்டியும் அவருக்கு அந்தத் தீர்ப்பாகவே இருந்தது. தாயை அழைத்துப் பேசினோம். "அவ விருப்பமில்லாம நாங்க ஒண்டும் செய்யமாட்டம் டொக்டர், சும்மா சொன்ன கதை" என்றார் தாய். அந்தச் சும்மா சொன்ன கதையை ஒரு வருஷமாகப் பிள்ளை சுமந்திருக்கிறார். 5000 கோடி பக்டீரியாவும் அதைத் தொட்டிருக்காது.

தொடர்ச்சி

முதல் இரண்டு வாரத்தில் ஊதலும் காற்றும் நின்றன. ஜிஏடி-7 அப்போது 12, அநேகமாக மாறவே இல்லை. வயிறு இலேசானதும் மனமும் இலேசாகும் என்று எதிர்பார்த்திருந்தால் இங்கே ஏமாந்திருப்போம். எட்டாவது வாரத்தில் எடை 48.5, தூக்கம் ஏழு மணித்தியாலம், ஜிஏடி-7 மதிப்பெண் 6, வீரர் உளஅழுத்த வினாத்தாளில் 16. மாதவிடாய் நான்காவது மாதத்தில் திரும்பியது. பெரிட்டின் அந்த நேரம் 31க்கு வந்திருந்தது.

மாகாணப் போட்டியை விட்டாலும் வருஷக் கடைசியில் கொழும்பில் ஒரு திறந்த போட்டி இருந்தது. அதற்கு இரவு ரயிலில் போனார்கள். ரயிலில் கழிப்பறை உண்டு என்ற ஒரே காரணத்துக்காக. முதல் நாளே போய்த் தங்கினார்கள். வழியில் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார். ஓட்டத்துக்கு முன் ஒரு தடவை மட்டும் கழிப்பறைக்குப் போனார். 5000 மீற்றரை ஓடி முடித்தார். அவருடைய சிறந்த நேரம் அல்ல, பதக்கமும் இல்லை. பயம் இருந்ததாம். "இருந்திச்சு டொக்டர், ஆனா என்னோடயே ஓடிச்சு, என்ன நிப்பாட்டல்ல" என்றார்.

போட்டி இல்லாத காலத்தில் அவராகவே கேட்டார், புரோபயோட்டிக்கைத் திரும்பப் பார்க்கலாமா என்று. நியாயமான கேள்வி. வகைக்கூறு குறிப்பிட்ட, பிரக்டோ ஒலிகோ சக்கரைட் கலக்காத ஒன்றைத் தெரிவு செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, நான்கு வாரம் எடுத்தார். ஒவ்வொரு நாளும் வயிறு, தூக்கம், மனம் மூன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று கொப்பியில் எழுதினார். வேறு எதையும் அந்த நான்கு வாரத்தில் மாற்றவில்லை. வயிறு முன்பு போலவே நன்றாக இருந்தது. ஜிஏடி-7 மதிப்பெண் 6இலிருந்து 5. இதை வைத்து அந்தக் குளிசை பலனற்றது என்று நான் சொல்லமாட்டேன். பதற்றம் ஏற்கனவே இறங்கிவிட்ட நிலையில் இன்னும் இறங்க அதிகம் இடமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதே குளிசையை முதல் நாளிலிருந்தே மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துக் கொடுத்திருந்தால், 13இலிருந்து 6க்கு இறங்கிய முழுப் பெருமையும் அதற்குத்தான் போயிருக்கும். இணையத்தில் வருகிற "நான் குடித்தேன், பயம் போய்விட்டது" என்ற அனுபவங்களில் எத்தனை இப்படிப்பட்டவையோ.

அவர் அதைத் தொடரவில்லை. மாதச் செலவைக் கணக்குப் பார்த்து, அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் வாங்கலாம் என்று முடிவெடுத்தார்.

ஊக்கமருந்துப் பக்கம்

போத்தல் கொண்டுவரும் எந்த வீரரிடமும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. புரோபயோட்டிக் தடைசெய்யப்பட்ட பொருள் அல்ல. ஆனால் மேலதிக உணவுக் குளிசைகளில் லேபலில் இல்லாதது கலந்திருப்பது அபூர்வம் அல்ல. 2004இல் வெளியான ஒரு ஜேர்மன் ஆய்வில் 13 நாடுகளில் வாங்கிய 634 ஹோர்மோன் சாராத மேலதிக உணவுகளைச் சோதித்தார்கள். 94இல், அதாவது 14.8 வீதத்தில், அறிவிக்கப்படாத ஸ்டீரொயிட் வகைப் பொருட்கள் இருந்தன. உடம்பில் கண்டுபிடிக்கப்பட்டால் எப்படி உள்ளே போனது என்பது வீரருடைய பொறுப்பு, அதுதான் உலக ஊக்கமருந்து விதி. இலங்கை ஊக்கமருந்து எதிர்ப்பு முகவரகம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்த விதியையே நடைமுறைப்படுத்துகிறது. அண்ணன் அன்போடு அனுப்பியது என்பது விசாரணையில் எடுபடாது. தொகுதி வாரியாகச் சுயாதீன ஆய்வுகூடத்தில் சோதித்த அடையாளம் உள்ள பொருளை மட்டும் எடுங்கள். அப்படியானது கிடைக்காவிட்டால் எடுக்காதீர்கள்.

பொருத்திப் பார்க்கும்போது

இந்த ஒரு நிகழ்வில் சாப்பாடு, ஓய்வு, வலி மருந்து நிறுத்தம், இரும்பு, உளவளத்துணை, தாயின் ஒரு வார்த்தை என்று பல விஷயங்கள் ஒன்றாக மாறின. எது எவ்வளவு உதவியது என்று பிரித்து அளக்க முடியாது. எனக்குப் பயன்படுவது வரிசை. போத்தலோடு ஒரு பிள்ளை வந்தால் முதலில் கேட்க வேண்டியவை: பயிற்சிக்கு முன் என்ன சாப்பிடுகிறீர்கள், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, நோவுக்கு என்ன குடிக்கிறீர்கள், எத்தனை மணித்தியாலம் தூங்குகிறீர்கள், போட்டிக்கு எப்படிப் பயணம் செய்கிறீர்கள், வீட்டில் என்ன பேசுகிறார்கள். குளிசை பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. ஆண் வீரர்களிடமும் இதே கேள்விகள்தான், மாதவிடாய்க் கேள்வியைத் தவிர. சக்திக் குறைபாடு அவர்களுக்கும் வரும். எடைப் பிரிவுக்காகத் தண்ணீர் வற்றவிடும் கபடிப் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

பதற்றம் கூடித் தாங்க முடியாமல் போகும் இரவில் என்னைப் போன்ற ஒருவரைத் தேடி அலையத் தேவையில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இந்த இலக்கத்தைப் பயிற்றுநர்கள் மைதானத்தில் ஒட்டிவைக்கலாம்.

வீராங்கனை இப்போது வாரத்துக்கு 55 கிலோமீற்றர் ஓடுகிறார். எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு நாள் கொடுத்திருக்கிறது. அதே குழுவிலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். இருவருமே வெறும் வயிற்றில் ஓடுகிறவர்கள், ஒருவருக்கு மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை. பயிற்றுநர் தன் பயிற்சிக் கொப்பியில் தூரத்துக்கும் நேரத்துக்கும் பக்கத்தில் சாப்பாடு, தூக்கம் என்று இரண்டு நிரல் சேர்த்திருக்கிறார். பெண் உதவிப் பயிற்றுநர் ஒருவரையும் தேடிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாகாணப் போட்டி ஏற்பாட்டாளர்களுக்கு நாங்கள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். கேட்டிருப்பது மூன்று விஷயம்: வீராங்கனைகள் வரும் பஸ் வழியில் கழிப்பறை உள்ள இடத்தில் கட்டாயம் நிறுத்த வேண்டும், மைதானத்தில் பெண்களுக்கான கழிப்பறையில் தண்ணீரும் உள்தாழ்ப்பாளும் இருக்க வேண்டும், 5000 மீற்றரை வெயில் ஏறுவதற்கு முன் வைக்க வேண்டும்.